பெட்டியில் 50 லிட்டர், குழாயில் சொட்டு

கே: எங்களுடையது உச்சிமாடி. ஷவர் அழுது வடிகிறது. மொட்டைமாடித் தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாக மாற்றினால் வேகம் கூடுமா?

ப: கூடாது. அழுத்தம் உயரத்தால் வருவது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு). தொட்டி எவ்வளவு குண்டாக இருந்தால் என்ன?

கே: பிளம்பர் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டி, "3 பார் இருக்கு சார், பிரமாதம்" என்றார். வாளி நிரம்பவோ ஐந்து நிமிடம் ஆகிறது. பொய் சொல்கிறாரா?

ப: பொய்யில்லை, பாதி உண்மை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பார்த்திருப்பார். தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது, உப்புப் படிந்து பென்சில் பருமனுக்குச் சுருங்கிய குழாயும் முழு அழுத்தத்தைக் காட்டும். ஓடும்போதுதான் உராய்வு அதைத் தின்னும். குழாயைத் திறந்துவிட்டு முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். 3லிருந்து அரைக்கு இறங்கினால், வரும் வழியில் எங்கோ அடைப்பு. இறங்கவே இல்லையென்றால் குழாய்முனைச் சல்லடையைக் கழற்றித் தட்டுங்கள்.

கே: பம்ப் பெட்டியில் 'அதிகபட்ச ஹெட் 40 மீட்டர், நிமிடத்துக்கு 50 லிட்டர்' என்றிருந்தது. ஹெட் என்றால் தண்ணீரை ஏற்றும் உயரமாம். எனக்கு 36 மீட்டர் ஏற்றினால் போதும். கடைக்காரரிடம் அதைச் சொல்லித்தான் வாங்கினேன். நூல் மாதிரி வருகிறது. மாற்றித் தர மறுக்கிறார்.

ப: உங்கள் மேல் தப்பில்லை. இந்தப் பெட்டி எழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதே இரண்டு எண்களை நம்பி நான் வாங்கிய பம்ப் இன்னும் பரணில் கிடக்கிறது. அந்த 40 மீட்டரில் தண்ணீர் ஏறி நிற்கும், ஒரு சொட்டும் வெளியே விழாது. அந்த 50 லிட்டர், ஏற்றமே இல்லாமல் தரைமட்டத்தில் கொட்டுவது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிப்பார்கள், நாம் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டுமாம்! போதாக்குறைக்கு, குழாயின் நீளமும் வளைவுகளும் உங்கள் 36ஐ இன்னும் கூட்டிவிடும். உள்ளே இருக்கும் தாளில் ஒரு வளைகோடு இருக்கும். 36க்கு நேரே எத்தனை லிட்டர் என்று பார்த்து, அந்த எண்ணோடு கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். உயரம் சொல்லி வாங்கியதற்கு குறுஞ்செய்தி ஏதாவது இருந்தால் அதையும் இணையுங்கள்.

கே: 20 மாடிக் கட்டடம், நான் இரண்டாம் மாடி. வாஷ்பேசின் ஹோஸ் மூன்றாவது தடவை வெடித்துவிட்டது. மூன்றும் ஒரே பிராண்டு. வழக்குப் போடலாமா?

ப: மூன்று தடவையும் அதையேவா வாங்கினீர்கள்? உங்கள் தலைக்கு மேல் 18 மாடித் தண்ணீர் நிற்கிறது. மாடிக்கு 3 மீட்டர் என்றாலும் 5 பாருக்கு மேல். முதலில் அழுத்தம் குறைக்கும் வால்வு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். வழக்கு அப்புறம்.