மூன்று கேமரா, ஒரு சாந்தி

கேள்வி: அப்பச்சி (அப்பா) சாந்திக்கு, அதாவது வயது நிறைவுக்கு மறுபடி தாலி கட்டும் விழாவுக்கு, கானாடுகாத்தான் வீட்டில் இரண்டு கேனான், ஒரு நிக்கான் கேமராவில் படம் எடுத்தோம். ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒரே பெயரில் கோப்புகள் மோதுகின்றன, வரிசையும் குழம்புகிறது. என்ன செய்ய?
– வாசகி, தேவகோட்டை

பதில்: மோதாமல் என்ன செய்யும் ஆச்சி? கேனான் ஐஎம்ஜி_0001 என்று தொடங்கி, 9999 முடிந்ததும் மறுபடி 0001க்கு வந்துவிடும். அந்த எண்ணை நம்பாதீர்கள். படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் எடுத்த நேரத்தைப் பிடியுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். அப்புறம் தாலி கட்டும் கணத்தை மூன்றிலும் தேடி நேரத்தை ஒப்பிடுங்கள். ஒரு கேமரா ஏழு நிமிடம் பிந்தியிருந்தால், எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அந்த ஃபோல்டர் முழுவதற்கும் ஏழு நிமிடம் கூட்டிவிடும். இதை விட்டுவிட்டுப் பெயர் மாற்றினால், உங்கள் ஆல்பத்தில் பந்தி முடிந்த பிறகுதான் தாலி கட்டுவார்கள்!

பெயரையும் அதுவே மாற்றும்: 20250612_093015_கே1 என்கிற மாதிரி. ஆண்டு, மாதம், நாள், அப்புறம் நேரம் என்ற வரிசை முக்கியம். நாள் எண்ணை முன்னால் போட்டால் ஜூன் 12க்குப் பக்கத்தில் ஜூலை 12 வந்து நிற்கும். கே1, கே2, நி என்ற வால் எந்தக் கேமரா என்று காட்டும். வளவு, முகப்பு என்று வீட்டில் எடுத்த இடத்தையெல்லாம் பெயரில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், டேக் (படத்தோடு சேர்க்கும் குறிச்சொல்) போதும். அடுத்த விசேஷத்தில் மூன்று கேமராவிலும் ஒரே கடிகாரத்தை முதல் படமாக எடுத்துவிடுங்கள், நேரத்தை ஒப்பிட அதுவே போதும்.