பெயரைச் சொல்லாவிட்டால் போதுமா?

கேள்வி: நான் தொடர்பியல் படிக்கும் மாணவி. நண்பர்களுடன் சேர்ந்து மாவட்டச் செய்திகளுக்கென ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் ‘ஊடகச் சட்டம்’ என்றொரு தாள் உண்டு. பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதைத் தவிர அதில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவரின் பெயரை நாங்கள் சொல்வதில்லை, முகத்தை மறைத்துவிடுகிறோம், ‘கூறப்படுகிறது’ என்று சேர்த்துக்கொள்கிறோம். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவுப் பணிகளைப் பற்றிச் செய்தி எடுக்க நினைத்தபோது, அதிகாரிகள் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து விட்டுவிட்டோம். பத்திரிகைச் சுதந்திரம் உள்ள நாட்டில் இதற்கு மேல் என்ன சட்டம் தெரிய வேண்டும்? போன மாதம் வெளியிட்ட காணொளி ஒன்றின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு மாணவி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உங்கள் பெயரை வெளியிடவில்லை. ஆனால் கடிதத்தில் கல்லூரி, படிக்கும் ஆண்டு, சேனலின் பெயர், தினமும் பேருந்து ஏறும் நிறுத்தம் எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள்; பெயரை மட்டும் அடித்துவிட்டு மற்றவற்றை அப்படியே அச்சிட்டிருந்தால், இதழ் கடைக்கு வந்த அன்றே உங்கள் வகுப்பில் அனைவரும் உங்களைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆகவே அவற்றையும் எடுத்துவிட்டோம். உங்கள் காணொளியில் பேசப்படும், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறுமிக்கு இந்த அளவு கவனம்கூடக் கிடைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

காணொளியை இரண்டு முறை பார்த்தேன். பெயர் இல்லை, முகமும் இல்லை. ஆனால் ஊரின் பெயர் இருக்கிறது, தந்தையின் தொழில் இருக்கிறது, எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதும், வீட்டின் சுற்றுச்சுவரும், பக்கத்திலிருக்கும் குருசடியும் (சிலுவை நிறுவிய சிறு வழிபாட்டிடம்) இருக்கின்றன. 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில், 2011 கணக்கெடுப்பின்படி 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாவட்டம் இது. அதிலும் ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்த வீடுகள் அனைத்தும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் கடற்கரை ஊரில், அந்தக் குருசடியைக் காட்டுவதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான். சென்னையில் அமர்ந்து எழுதும் நிருபருக்கு ‘நகரின் வடபகுதியைச் சேர்ந்த சிறுமி’ என்ற வரி ஒரு மறைவைத் தரக்கூடும். நமக்கு அந்த வசதி கிடையாது.

நீங்கள் மனப்பாடச் சுமை என்று ஒதுக்கிய தாளில் இதற்கான விடை சொல்லுக்குச் சொல் இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் ஆகியவற்றோடு, அடையாளம் தெரிய வழிசெய்யும் வேறு எந்த விவரத்தையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. குழந்தையின் நலனுக்காகச் சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால் மட்டுமே விலக்கு உண்டு. பெற்றோர் பேட்டி கொடுத்தார்கள் என்பது அனுமதி ஆகாது. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பொறுப்பில் செய்தியை எடுத்தவரோடு ஊடகத்தின் வெளியீட்டாளரும் உரிமையாளரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் சேர்கிறார்கள்.

பெரியவர்கள் பாதிக்கப்பட்ட பாலியல் வழக்குகளில், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228அ பிரிவில் இருந்த தடை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறைமுகமாகவோ தொலைவிலிருந்தோகூட அடையாளம் புலப்படக் கூடாது என்று சொன்னதுடன், பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் தடை நீங்காது என்பதையும் தெளிவாக்கியது. பாலியல் வழக்குகளோடு இது முடிவதில்லை. இருசக்கர வாகனத் திருட்டில் பிடிபட்ட 16 வயதுப் பையனின் படத்தை வெளியிடுவதையும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. வாட்ஸ்ஆப் குழுவில் வந்த முதல் தகவல் அறிக்கையை அப்படியே வாசிக்கும் வழக்கம் உங்கள் சேனலுக்கு இருக்குமானால் அதை இன்றே கைவிடுங்கள்.

‘கூறப்படுகிறது’ என்ற சொல்லின் மேல் உங்கள் தலைமுறைக்கு மட்டுமல்ல, எங்கள் தலைமுறைக்கும் அளவற்ற நம்பிக்கை இருந்தது. யார் கூறியது, எங்கே கூறியது என்பதைச் சொல்லாமல் ஒருவரைத் திருடர் என்று காட்டும் வாக்கியத்தின் முடிவில் அந்தச் சொல் நிற்பதால் அவதூறு நீங்கிவிடாது. அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதும் வெளியிடுவதே. அவதூறுக் குற்றத்தைச் சொல்லும் சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வரும் முதல் விலக்குக்கு உண்மை மட்டும் போதாது, வெளியிட்டது பொதுநலனுக்காக என்பதும் வேண்டும். நீதிமன்ற நடவடிக்கையைப் பெருமளவு உண்மையாக அறிக்கையிடுவதற்கும் அங்கே விலக்கு இருக்கிறது. எனவே நாகர்கோவில் நீதிமன்றத்தில் அரை நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்து எழுதும் செய்தி, டீக்கடையில் கேட்ட ‘கூறப்படுகிறது’ செய்தியைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேச்சுரிமையும் கருத்துரிமையும் தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) உட்பிரிவில் பத்திரிகை என்ற சொல்லே கிடையாது. பத்திரிகைக்குத் தனி உரிமை தேவையில்லை, குடிமகனின் உரிமையே அதன் உரிமை என்பதுதான் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் தந்த விளக்கம். 19(2)இல் உள்ள கட்டுப்பாடுகளும் அதே போல எல்லோருக்கும் பொது. அந்த உரிமையைச் சிறிதாக எண்ண வேண்டாம். 1910இல், நம் ஊர்கள் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், திவானை விமர்சித்த ‘ஸ்வதேசாபிமானி’ ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை எந்த வழக்கும் விசாரணையும் இல்லாமல் நாடுகடத்தி, திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். அச்சகமும் பறிமுதல் ஆனது. அவர் பிறந்த நெய்யாற்றின்கரை நமக்குத் தொலைவான இடமல்ல.

இனி தூண்டில் வளைவு. எனக்கு வியப்பளித்தது இதுதான்: சட்டம் தடுக்கும் சிறுமியின் வீட்டு வாசலுக்குத் தயங்காமல் போன நீங்கள், சட்டம் உங்களுக்குத் துணைநிற்கும் பொதுப்பணத்தின் கணக்கைக் கண்டு ஒதுங்கிவிட்டீர்கள். 1994இல், தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துப் பாருங்கள். தங்களுக்கு அவதூறு நேரும் என்ற அச்சத்தால் அதிகாரிகள் முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடுவதற்குத் தடையில்லை. அலுவல் சார்ந்த செயல்களைப் பற்றி எழுதியதில் பிழை நேர்ந்தாலும், நியாயமான அளவு சரிபார்த்த பிறகே எழுதினார் என்று காட்டினால், இழப்பீடு கேட்டு அதிகாரி வெல்ல முடியாது. அதே தீர்ப்பு, ஆவணத்தில் இருந்தாலும் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் பெயரை விளம்பரப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

அதிகாரி வழக்கே போட மாட்டார் என்று நான் உறுதி சொல்லவில்லை. போட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். அதற்காகத்தான் கையில் காகிதம் வேண்டும். 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒப்பந்தத் தொகை, ஒப்பந்தக் காலம், பணி முடிப்புச் சான்று, அளவீட்டுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பொறியாளரிடம் அவர் தரப்பைக் கேட்டு, அவர் சொன்னதையும், சொல்ல மறுத்தால் மறுத்த தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

அதற்கு முன்பாக, அந்தக் காணொளியை நீக்குங்கள். நீக்கும் முன் அதன் கீழே உள்ள கருத்துகளைப் படியுங்கள்: நீங்கள் சொல்லாமல் விட்ட பெயரை அங்கே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.