டாக்டர் ஆகாவிட்டால் மாட்டுக்கொட்டில்தானா?

அன்புள்ள அம்மா,

மூன்றாவது தடவையும் உயர்தரப் பரீட்சை எழுத வைத்து மகளை டாக்டராக்கிவிட வேண்டும் என்பது உங்கள் எண்ணம். அவளோ விலங்கியல் படித்து, பிறப்பையொட்டிய நாட்களில் சுரக்கும் ஹார்மோன்கள் பிராணிகளின் குணத்தை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய வேண்டும் என்கிறாள். "எலியைப் பார்த்துக்கொண்டிருக்கவா படிக்கவைத்தேன்?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கும் பசுவிடமிருந்தே தொடங்குகிறேன். பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையாகவும் மற்றது கிடேரியாகவும் இருந்தால் அந்தக் கிடேரி சினை பிடிக்காது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் அது உண்மைதான். கருவில் இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்களும் இணைந்துவிடுவதால், காளைக் கன்றின் ஹார்மோன்கள் கிடேரியின் உடலுக்குள் போய் அதன் கருப்பையையும் சூலகத்தையும் ஒழுங்காக வளரவிடுவதில்லை.

உடலில் மட்டுமல்ல, நடத்தையிலும் இப்படி நடக்கிறது. 1959இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சினைக் கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் இணைசேரும் வேளையில் ஆணைப்போல் நடந்துகொண்டன. வளர்ந்த பெண் விலங்குக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தபோது அந்த நிலையான மாற்றம் வரவில்லை. எலியிலும் பிறந்தவுடன் இந்த ஹார்மோன் பெற்ற பெண் குட்டிகள், ஆண் குட்டிகளைப்போல் முரட்டுத்தனமாகக் கட்டிப்புரண்டு விளையாடுகின்றன. இது நடந்தது எலிக்கும் கினிப்பன்றிக்கும்தான். இதை வைத்து அடுத்த வீட்டுப் பிள்ளையின் குணத்தை அளந்துவிடாதீர்கள்!

இனி வயிற்றுப்பாடு. ஆராய்ச்சியை மட்டும் நம்பினால் இந்த நாட்டில் வேலை குறைவு. முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் வேண்டும், உதவித்தொகை தேடி வெளிநாடு போகவும் நேரலாம். ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில் பேராதனைக் கால்நடை மருத்துவத்தை முதலில் போடச் சொல்லுங்கள். இலங்கையில் அந்தப் பட்டம் அங்கு மட்டும்தான். அடுத்து பேராதனை விஞ்ஞான பீடம், பிறகு பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் விலங்கு விஞ்ஞானம். நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் பல்கலைக்கழக அனுமதியில் அத்தகைய மாவட்டங்களுக்கு உள்ள 5 வீத ஒதுக்கீடும் அவளுக்குக் கைகொடுக்கலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் குண்டசாலையில் கால்நடை வளர்ப்பு டிப்ளோமா இருக்கிறது. அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். மலையகத்தில் பால் மாடு இருக்கும்வரை அதற்குத் தேவை உண்டு.

பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். எனக்கு உண்மையில் கவலை தருவது அது ஒன்றுதான். அனுமதி முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்காமல் ஆங்கில வகுப்புக்குப் போகட்டும்.

கன்று பால் குடிக்கும் நேரத்தைக்கூட ஒரு கொப்பியில் குறித்துவைக்கிறாள் என்று சலித்துக்கொண்டிருக்கிறீர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை அவளை ஹட்டனுக்கு அழைத்துவரும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துவாருங்கள். நான் பார்க்க வேண்டும்.