பாட்டுக்குப் பட்டா: டாலி பார்ட்டன் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கக் கிராமப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையில் பாடகராகவும் பாடலாசிரியராகவும் அறுபது ஆண்டுகளாக நிற்பவர் டாலி பார்ட்டன். அவரைப் பற்றிப் பலர் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ விட்னி ஹூஸ்டன் பாட்டுதானே? டாலி அதைத் திரும்பப் பாடினாரா?

எழுதியதும் முதலில் பாடியதும் டாலிதான். 1973 ஜூனில் நாஷ்வில் நகரின் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ பி-யில் பதிவானது. 1974-ல் வெளிவந்து கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1982-ல் ஒரு படத்துக்காக அவரே மறுபடி பாடினார்; அதுவும் கன்ட்ரியில் முதலிடம். ‘தி பாடிகார்ட்’ படத்துக்காக விட்னி பாடியது 1992-ல்தான். அது எல்லா வகைப் பாட்டுகளுக்குமான பொதுப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். டாலியின் பதிவில் மூன்றாவது சரணம் பாட்டாக வராது, பேச்சாக வரும். 1975-ல் லிண்டா ரான்ஸ்டாட் பாடியபோது அந்தச் சரணத்தை விட்டுவிட்டார். விட்னியின் பதிவைத் தயாரித்த டேவிட் ஃபாஸ்டர் லிண்டாவின் பதிவை வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார். டாலியிடம் பேசும்போதுதான் இன்னொரு சரணம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. பிரிந்து போகிறவள் வாழ்த்திவிட்டுப் போகும் இடம் அது. அந்தச் சரணம் இல்லாத பதிவுகள் எனக்குப் பாதிப் பாட்டாகத்தான் கேட்கும்.

அது காதல் தோல்விப் பாட்டா? யாரை நினைத்து எழுதினார்?

போர்ட்டர் வாகனரை. தொலைக்காட்சியில் வாராவாரம் கன்ட்ரி நிகழ்ச்சி நடத்தியவர். 1967-ல் நார்மா ஜீன் என்ற பாடகி விலகியதும் அந்த இடத்துக்கு டாலியைக் கொண்டுவந்தார். பழைய பாடகி மேல் பிரியம் கொண்ட ரசிகர்கள் தொடக்கத்தில் டாலி பாடும்போதே நார்மா ஜீனைக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள். இருவரும் சேர்ந்து பாடத் தொடங்கிய பிறகுதான் அது அடங்கியது.

ஏழு வருடம் கழித்துத் தனியாகப் போக வேண்டும் என்று டாலி சொன்னபோது போர்ட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பேசிப் பேசிப் பார்த்தும் நடக்காமல், சொல்ல வேண்டியதைப் பாட்டாக எழுதி அவர் அலுவலகத்திலேயே பாடிக் காட்டினார். காதலன் யாரும் அதில் இல்லை. வாய்ப்புக் கொடுத்தவரிடம் நன்றியோடு விடைபெறும் பாட்டு.

உறவு அத்தோடு சுமுகமாகிவிடவில்லை. ஒப்பந்தத்தை மீறியதாக 1979-ல் போர்ட்டர் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அது நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டது. 2007-ல் போர்ட்டர் இறப்பதற்குள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைக் கேட்டு டாலி மறுத்தார் என்கிறார்களே, உண்மையா? அவ்வளவு பெரிய வாய்ப்பை யாராவது விடுவார்களா?

உண்மை. ஆனால் டாலி மறுத்தது எல்விஸ் பாடுவதை இல்லை. பதிவுக்கு முந்தின நாள் எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை வைத்தார்: வெளியீட்டு உரிமையில் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும். எல்விஸ் பாடும் பாட்டுகளுக்கு அது வழக்கமான விலை. டாலி இரவெல்லாம் அழுதார், ஆனால் கொடுக்கவில்லை.

இதன் கணக்கு தெரிந்தால்தான் அந்த முடிவின் எடை தெரியும். அமெரிக்காவில் ஒரு பாட்டின் வருமானம் இரண்டு பாதியாகப் பிரியும்: எழுதியவருக்கு 50, வெளியீட்டாளருக்கு 50. இளம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் இரண்டாவது பாதியை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். டாலி தன் மாமா பில் ஓவன்ஸோடு சேர்ந்து 1966-லேயே சொந்த வெளியீட்டு நிறுவனம் தொடங்கிவிட்டார். அதனால் இந்தப் பாட்டில் அந்தப் பாதியும் அவருடைய சொந்த நிறுவனத்திடமே இருந்தது. பார்க்கர் கேட்டது மொத்தத்தில் கால்வாசி.

1992-ல் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டுக்குச் சட்டப்படியான தொகை 6.25 சென்ட். பத்து லட்சம் பிரதிக்கு 62,500 டாலர். அதில் கால்வாசி என்றால் 15,625 டாலர். ‘பாடிகார்ட்’ இசைத்தொகுப்பு உலகம் முழுக்க நாலு கோடிக்கு மேல் விற்றது. வெளிநாட்டு விற்பனைக்குக் கணக்கு வேறு என்றாலும், இழப்பு எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

பணத்தைவிடப் பெரிது கையெழுத்து. ஏற்கெனவே வெளிவந்த பாட்டை யார் வேண்டுமானாலும் சட்டம் சொன்ன தொகையைக் கட்டிவிட்டுத் தங்கள் குரலில் பதிவு செய்யலாம். எழுதியவர் தடுக்க முடியாது. ஆக, எல்விஸ் பாடுவதைச் சட்டம் தடுக்கவில்லை, பார்க்கர்தான் பங்கில்லாமல் விடவில்லை. படத்தில் சேர்ப்பது மட்டும் வேறு. அதற்கு நிர்ணயித்த தொகை கிடையாது, உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பாதியைக் கொடுத்திருந்தால் அந்தப் பேரத்தில் இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். நிலத்துக்குக் கூட்டுப் பட்டா மாதிரி.

வானொலியில் விட்னி பாடியது ஒலித்தால் டாலிக்கு என்ன கிடைக்கும்?

இதைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலி நிலையங்கள் பாடியவருக்கு ஒரு சென்ட்கூடத் தர வேண்டியதில்லை. எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் மட்டுமே தருகின்றன. நிலையங்கள் ஆண்டுக்கட்டணமாகக் கட்டுவதை பி.எம்.ஐ. போன்ற சங்கங்கள் வசூலித்துப் பிரித்துக் கொடுக்கின்றன. எஃப்.எம்.மில் விட்னியின் குரல் ஒலித்த ஒவ்வொரு முறையும் பணம் டாலிக்குத்தான் போனது. இணைய, செயற்கைக்கோள் வானொலிகள் மட்டும் 1995 சட்டத்துக்குப் பின் பாடியவருக்கும் தருகின்றன.

அக்கா, கிடார் ஆறு மாதமாகக் கற்கிறேன். டாலியின் ‘ஜோலீன்’ பாட்டை வாசிக்கப் பார்க்கிறேன். கார்டு சரியாக இருந்தும் பதிவோடு சேர்த்து வாசித்தால் ஒட்டவில்லை.

கேப்போ (கிடாரின் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) போடாமல் வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாட்டு சி ஷார்ப் மைனரில் இருக்கிறது. கேப்போவை நாலாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோக மேடு) போட்டு ஏ மைனர் வடிவத்தில் பிடித்தால் பொருந்திவிடும். கார்டுகள் நாலுதான்: ஏ மைனர், சி, ஜி, ஏ மைனர், பிறகு ஜி, ஈ மைனர், திரும்ப ஏ மைனர். பல்லவிக்கும் சரணத்துக்கும் இதே சுற்று.

உயிர் இருப்பது வலக்கையில். கட்டைவிரல் இரண்டு தடித்த கம்பிகளுக்கு இடையே மாறி மாறி, கடிகாரம் போல நிற்காமல் போக வேண்டும். ஏ மைனருக்கும் சி-க்கும் 5, 4-ஆம் கம்பிகள். ஜி-க்கும் ஈ மைனருக்கும் 6, 4. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளை அந்தத் தட்டுகளுக்கு இடையில் கிள்ளும். முதலில் கட்டைவிரலை மட்டும், தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து ஒரு வாரம் பழகுங்கள். பிறகு ஒரு விரல், பிறகு அடுத்தது. பதிவின் வேகம் 110-ஐ ஒட்டி இருக்கும். 90 வரை தடுமாறாமல் வந்த பிறகு பாடிக்கொண்டே வாசிக்கலாம். எல்லோரும் தவறுவது கார்டு மாறும் இடத்தில்: இடக்கை தேடும்போது கட்டைவிரலும் நின்றுவிடும். இடக்கை தாமதித்தாலும் பரவாயில்லை, கட்டைவிரலை நிறுத்தாதீர்கள்.

கேப்போ போட்டால் இரைச்சல் வருகிறது, சுருதியும் ஏறிவிடுகிறது. கிடார் மோசமா?

கிடாரைக் குறை சொல்ல வேண்டாம். கேப்போ நாலாவது ஃப்ரெட்டின் உலோக மேட்டுக்குப் பின்னால், அதை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் அழுத்தம் குறைந்து இரையும். ஃப்ரெட்டின் மேலேயே ஏறினால் ஒலி அமுங்கும். ஸ்பிரிங் வலுவாக உள்ள கேப்போ கம்பியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றிவிடும். போட்ட பிறகு மறுபடி சுருதி சேருங்கள், கழற்றிய பிறகும் சேருங்கள்.

ஆண் பாடுவது போல ஒரு ‘ஜோலீன்’ கேட்டேன். யார் பாடியது?

அதுவும் டாலிதான். 45 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 33⅓ வேகத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். வேகம் 74 விழுக்காடாகக் குறையும். சுருதி ஐந்து அரைஸ்வரத்துக்குச் சற்று அதிகமாக இறங்கும். 2 நிமிடம் 41 விநாடிப் பாட்டு மூன்றரை நிமிடத்தைத் தாண்டும். இவ்வளவு மெதுவாக்கினாலும் கிடார் தட்டு ஒன்றுகூட இடம் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். கிடார் கற்பவர்களுக்கு நல்ல பாடம் அது.

அவ்வளவு நீள நகம் வைத்துக்கொண்டு எப்படிக் கிடார் வாசிக்கிறார்?

கம்பிகளைச் சும்மா மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி சுருதியை மாற்றிக்கொள்கிறார். அப்போது ஒவ்வொரு விரலையும் செங்குத்தாக ஊன்ற வேண்டியதில்லை. ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் போதும். அந்த நகமே வாத்தியமும் ஆகியிருக்கிறது. 1980-ல் வந்த ‘நைன் டு ஃபைவ்’ பாட்டின் தாளம், படப்பிடிப்பு இடைவேளையில் அக்ரிலிக் நகங்களை ஒன்றோடொன்று தட்டித் தட்டச்சுப் பொறி ஓசையாக உருவாக்கியது. பதிவிலும் அந்த நகவொலி இருக்கிறது.

சின்ன வயதில் அவ்வளவு வறுமையா, விளம்பரத்துக்குச் சொன்னதா?

வறுமை நிஜம். 1946 ஜனவரி 19, டென்னசி மாநிலம் செவியர் மாவட்டத்தில், ஒற்றை அறை மரக்குடிலில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த மருத்துவருக்கு அப்பா கொடுத்த கூலி ஒரு மூட்டை சோளமாவு.

‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ அந்த வீட்டிலிருந்து வந்த பாட்டு. ஒட்டுத்துணிகளைச் சேர்த்து அம்மா கோட்டுத் தைக்கிறார். தைக்கும்போதே விவிலியத்தில் யோசேப்புக்குத் தந்தை கொடுத்த பலவருண அங்கிக் கதையைச் சொல்கிறார். சிறுமி பெருமையோடு பள்ளிக்குப் போகிறாள், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 1969-ல் பேருந்துப் பயணத்தில் தாள் கிடைக்காமல் போர்ட்டரின் உடைகளைச் சலவைக்குப் போட்ட ரசீதின் பின்புறத்தில் எழுதினார், 1971-ல் பதிவானது. பாட்டு எழுதுகிறவர்கள் இதில் ஒன்றைப் பார்க்க வேண்டும். துக்கம் என்ற சொல்லுக்குப் பாட்டில் வேலையே இல்லை. துணி, ஊசி, கதை, சிரிப்பு என்று பொருளும் செயலும்தான் வரிசையாக வருகின்றன.

டாலி பாட்டுகளின் பின்னணியில் வழுக்கிக்கொண்டே அழுவது போல ஒரு ஒலி. வயலினா?

பெடல் ஸ்டீல் கிடார். மேசை போலக் கிடக்கும் வாத்தியம், பெரும்பாலும் பத்துக் கம்பி. இடக்கையில் ஓர் இரும்புத் தண்டு கம்பிமேல் சறுக்கும். சித்திரவீணையில் கட்டையை நகர்த்துவது நினைவுக்கு வரலாம். வேறுபாடு காலில் இருக்கிறது. பொதுவாக மூன்று மிதிகளும் நாலைந்து முழங்கால் நெம்புகோல்களும் குறிப்பிட்ட கம்பிகளின் சுருதியை மட்டும் மாற்றும். ஒரு கம்பி அசையாமல் நிற்க, பக்கத்துக் கம்பி வளைந்து ஏறும். அந்த ஏக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

பாப் பக்கம் போனபோது கன்ட்ரிக்காரர்கள் கோபப்படவில்லையா?

பட்டார்கள். அந்த மாற்றத்தின் திருப்பம் 1977-ன் ‘ஹியர் யூ கம் அகெய்ன்’. பாரி மான், சிந்தியா வைல் எழுதிய பாட்டு, டாலியுடையது இல்லை. கேட்பவர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று பயந்து, பெடல் ஸ்டீல் காதில் விழும்படி சேர்த்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் சொன்னார். பாப் பட்டியலில் மூன்றாம் இடம், கன்ட்ரியில் முதலிடம். இன்றைக்குக் கேட்டாலும் அந்த ஸ்டீல் ஒலிதான் பாட்டை ஊரோடு கட்டி வைத்திருக்கிறது.

கணவர் யார்? வெளியே வந்ததே இல்லையே.

கார்ல் டீன். சாலைக்குத் தார் போடும் தொழில் நடத்தியவர். 1964-ல் டாலி நாஷ்வில் வந்த முதல் நாள், ஒரு சலவை நிலைய வாசலில் சந்தித்தார்கள். 1966 மே 30-ல் ஜார்ஜியாவின் ரிங்கோல்டில் திருமணம். 2025 மார்ச் 3-ல் காலமானார்.

குழந்தைகளுக்கு டாலி இலவசப் புத்தகம் தருவது எப்படி நடக்கிறது?

பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகம், குழந்தையின் பெயரிட்டு, வீட்டுக்கு அஞ்சலில் வரும். 1995-ல் சொந்த மாவட்டத்தில் தொடங்கியது, இன்று ஐந்து நாடுகளில். உள்ளூர் அமைப்புகள் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. புத்தகத் தேர்வும் அனுப்பும் ஏற்பாடும் டாலியின் அறக்கட்டளை பொறுப்பு. இதுவரை 20 கோடிப் புத்தகங்களுக்கு மேல் போயிருக்கின்றன. அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதுதான் காரணம்.

புதிதாகக் கேட்கிறவன் எங்கே தொடங்கட்டும்? நூற்றுக்கணக்கில் பாட்டு இருக்கிறதே.

தொகுப்பு ஆல்பங்கள் வேண்டாம். எண்பதுகளின் சிந்தசைசர்தான் முன்னால் நிற்கும். முதலில் 1971-ன் ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ ஆல்பம். அடுத்து 1973-ன் ‘மை டென்னசி மவுன்டன் ஹோம்’, பிறகு 1974-ன் ‘ஜோலீன்’. குரல்கள் இணைவதில் ஆர்வமிருந்தால் எமிலூ ஹாரிஸ், லிண்டா ரான்ஸ்டாட்டோடு 1987-ல் செய்த ‘ட்ரையோ’. கடைசியாக 1999-ன் ‘தி கிராஸ் இஸ் ப்ளூ’. ஐம்பதைத் தாண்டிய வயதில், வானொலிகள் கைவிட்ட பிறகு, கம்பி வாத்தியங்களை மட்டும் நம்பும் பழைய மலைநாட்டுப் பாணியான புளூகிராஸுக்குத் திரும்பிப் பாடியது. டிரம்ஸ் கிடையாது. தாளத்தை மாண்டலினும் பாஸும் சுமக்கின்றன. ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஸ்டூவர்ட் டங்கனின் ஃபிடிலும் (வயலின்) ஜெர்ரி டக்ளஸின் டோப்ரோவும் (தண்டைச் சறுக்கி வாசிக்கும் கிடார்) அவர் குரல் வரும்போது வழிவிட்டு ஒதுங்குவது தெளிவாகக் கேட்கும்.