பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸின் வண்ணம் மறுபதிப்பில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

அதே கதை, அதே படம். ஆனாலும் வழவழப்பான தாளில் வரும் மறுபதிப்பு கண்ணைக் குத்துகிறது, பழைய இதழின் இதம் அதில் இல்லை என்று பலர் ஏங்குகிறார்கள். அது வெறும் மனப்பிரமை அல்ல. காரணம் அச்சில் இருக்கிறது.

1980கள் வரை அமெரிக்க சூப்பர்ஹீரோ இதழ்களின் உள்பக்கங்கள் பெரும்பாலும் மலிவான செய்தித்தாள் காகிதத்தில்தான் அச்சாயின. மைகள் நான்கே: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கோடுகளுக்குக் கறுப்பு. மற்ற மூன்றும் வழக்கமாக 25, 50, 100 சதவீத அடர்த்தியில் மட்டுமே விழும். மையே விழாத நிலையையும் சேர்த்தால் 4×4×4, அதாவது 64 நிறங்கள். 25, 50 என்பவை நீர்த்த மை அல்ல, பொடிப் புள்ளிகள். மஞ்சளிலும் மெஜந்தாவிலும் 25 சதவீதம் கலந்ததுதான் பல இதழ்களில் வெள்ளைக்கார நாயகனின் முகநிறம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த பட்டுப்புடவையைத் தள்ளி நின்று பார்த்தால் மூன்றாவது நிறம் தெரியுமே, அதே வித்தை.

செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும், தாளும் வெள்ளை வெளேரென்று இருக்காது. இரண்டும் சேர்ந்து நிறத்தை அடக்கிவிடும். அதே அளவுகளை வெள்ளை வழவழத் தாளில் அப்படியே அச்சிட்டால் அடக்க ஆளில்லாமல் சிவப்பும் நீலமும் கத்துகின்றன. பளபளப்பில்லாத, சற்றே மங்கிய தாளில் வரும் மறுபதிப்பைத் தேடி வாங்குங்கள். முதல் பக்கத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அந்தப் புள்ளிகளை ஓவியரே வைத்ததாகப் பலர் நினைப்பதுண்டு. ஓவியர்கள் தந்தது கறுப்புக் கோடுகளை, புள்ளிகள் அச்சுத்தகடு தயாரிக்கும் கட்டத்தில் சேர்ந்தவை.