இகுவானா சாப்பிடவில்லையா? முதலில் சூடு கொடுங்கள்

கேள்வி: கண்டனூரில் எங்கள் பழைய வீட்டில் இரண்டு வயதுப் பச்சை இகுவானா (பெரிய பல்லியினம்) ஒன்று வளர்க்கிறோம். இரண்டாம் கட்டு அறையில் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. பாலக்கீரையும் வாழைப்பழமும்தான் தீனி. ஐந்து நாளாக எதிலும் வாய் வைக்கவில்லை. கீழ்த்தாடை உப்பியிருக்கிறது, பின்னங்கால் விரல்கள் துடிக்கின்றன. ஆச்சி கஞ்சி புகட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கஞ்சி வேண்டாம். ஆச்சியின் அக்கறை புரிகிறது. ஆனால் இகுவானாவுக்குச் செரிமானம் நடக்கவே வெளியிலிருந்து சூடு வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும்போது புகட்டியது வயிற்றிலேயே கிடந்து கெட்டுப்போகும். மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி.

தாடை வீக்கமும் விரல் துடிப்பும் சேர்ந்து வந்தால், கால்சியம் குறைவதால் வரும் எலும்பு நோயைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எலும்பு இளகி, அங்கே நார்த்திசு வளர்வதால்தான் தாடை உப்புகிறது. துடிப்பும் வந்துவிட்டதென்றால், எலும்பிலிருந்து எடுத்தும் போதவில்லை என்று பொருள். அதனால் இன்றே மருத்துவரிடம் போங்கள். ஊசி தேவைப்படலாம். உங்கள் ஊர் மருத்துவருக்கு ஊர்வனவற்றில் பழக்கம் இல்லையென்றால், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மனிதர்களுக்கான கால்சியம் சிரப்பை நீங்களாக அளவு வைத்துக் கொடுக்க வேண்டாம்.

நோய்க்கு வழிவிட்டது தீனியும் இடமும். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்; வாழைப்பழத்தில் கால்சியமே சொற்பம். இடம்தான் இன்னும் பெரிய காரணம். உங்களுடையது போன்ற செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை வெளியே நிறுத்தவே உயரமான கூரையும் தடித்த சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் வைத்தார்கள். நமக்குச் சுகமான அந்தக் குளிர்ச்சி, மத்திய, தென் அமெரிக்க வெயிலில் மரக்கிளையில் காய்ந்து வாழும் உயிருக்கு ஒத்துக்கொள்ளாது. தொட்டியின் ஒரு முனையில் விளக்கு வைத்து, அதன் கீழ் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்கும்படியும், மறுமுனை 27 அளவில் இருக்கும்படியும் பாருங்கள். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் வெப்பமானி வையுங்கள்.

சூடு மட்டும் போதாது. உணவிலிருக்கும் கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அதற்குத் தோலில் புற ஊதா பி கதிர் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே அது வராது. முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு போட்டிருந்தால் அங்கேயும் வராது. திறந்த முற்றமாக இருந்தால் உங்களுக்கு யோகம்தான். சுற்றிலும் கட்டடம் உயரம் என்பதால் வெயில் தரையில் இறங்கக் கொஞ்சம் நேரமாகும். இறங்கியதும் கம்பிக் கூண்டில் இருபது நிமிடம் வையுங்கள். பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும், பக்கத்திலேயே ஆள் இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே வெந்துபோகும்.

தண்ணீருக்கு, அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரைத் தோள் மட்டத்துக்குக் கீழே ஊற்றி, கால் மணி நேரம் அதில் விடுங்கள். தலை சாய்ந்துவிடாமல் கூடவே இருங்கள். எலும்பு இளகியிருப்பதால் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வயிற்றுக்கடியில் முழுக் கையும் கொடுத்து எடுங்கள். உயரக் கிளைகளை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், விழுந்தால் முறியும்.

துடிப்பு நின்று தெளிந்தபின் முருங்கை இலை, அகத்தி இலை, செம்பருத்தி இலையும் பூவும் பொடியாக நறுக்கி வையுங்கள். எல்லாம் உங்கள் கொல்லையிலேயே இருக்கும்.

ஆச்சியும் சின்னப் பிள்ளைகளும் இப்போது தொட வேண்டாம். ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அதன் பாத்திரங்களைச் சமையல்கட்டில் கழுவாதீர்கள்.

இகுவானாவை வளர்க்க மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் அதற்கும் ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் முதலில் மருத்துவர். போகும்போது தொட்டியின் படத்தையும், கடைசியாகப் போட்ட எச்சத்தைச் சின்ன டப்பாவிலும் எடுத்துப் போங்கள். துணிப்பைக்குள் வெதுவெதுப்பான நீர்ப்புட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி இகுவானாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். காரில் ஏசியைப் போடாதீர்கள்.