டிங்கி ஒருமுறை வந்து குணமானவருக்கு மறுமுறை வந்தால் ஏன் கடுமையாகிறது?

எதிர்ப்புச் சக்தி குறைந்ததுதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அரைகுறையாகப் பொருந்தும் பழைய எதிர்ப்புச் சக்திதான் பெரும்பாலும் காரணம்.

டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை தொற்றிக் குணமானவருக்கு அவ்வகைக்கு எதிரான பாதுகாப்பு பல்லாண்டு நிலைக்கிறது. மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. அதன்பின் வேறொரு வகை நுழையும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) அதன்மேல் ஒட்டிக்கொண்டாலும் அதைச் செயலிழக்கச் செய்வதில்லை. எதிர்ப்பொருள் ஒட்டியவற்றை விழுங்குவது சில வெள்ளையணுக்களின் இயல்பு. டிங்கிக் கிருமி பெருகுவதும் அதே அணுக்களுக்குள்தான் என்பதால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடுகிறது.

கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் முன்பே டிங்கி கண்டவர்கள். முதல் அலைக்குப் பின் பிறந்த ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளிடம் அக்கடுமை அரிதாகவே தென்பட்டது. மலேசியாவிலோ நான்கு வகைகளும் மாறி மாறித் தலைதூக்குகின்றன. பினாங்கில் 1962-லேயே ரத்தக்கசிவு டிங்கி பதிவாகியிருக்கிறது.

பினாங்கின் பட்டர்வொர்த்தில் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் முதல் தொற்றுக்கும் மறுதொற்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதனைப் பட்டையிலேயே காண்கிறேன். முதல் தொற்றில், முதலில் உருவாகும் எதிர்ப்பொருளான ஐஜிஎம்மின் கோடு நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில் மெல்லத் தெரியும். நெடுநாள் நிலைக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஜி அதற்கும் பிந்தி வரும். மறுதொற்றில், முந்தைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் நினைவணுக்கள் பழைய எதிர்ப்பொருளையே விரைந்து பெருக்குவதால், முதல் வாரத்திலேயே ஐஜிஜி கோடு அழுத்தமாகச் சிவந்துவிடும். ஐஜிஎம் மங்கலாகவோ, சில வேளை தெரியாமலோ இருக்கும்.

பெருகிய கிருமி வெளிவிடும் என்எஸ்1 என்ற புரதமும், கிருமியை எதிர்க்கும் அணுக்கள் மிகையாகச் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் பொருள்களும் நுண்குழாய்ச் சுவர்களைத் தளர்த்துவதால் ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கி ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது, பப்பாளி இலைச் சாறும் குடித்தாயிற்று என்று அன்றைய ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் இங்கே ஏராளம். எனக்கு அதுதான் கவலை. தட்டணுக்கள் குறைவதை மட்டும் பார்த்தால் போதாது. நீர்ப்பகுதி கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மறுமுறை வந்தவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆயினும் முன்பு டிங்கி கண்டதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.